மஞ்சள் பொத்தான்

பாதத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிப் பசை போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. பஸ் டிரைவர் ஈரத்துணியால் தேய்த்தான். அழுத்தினால் வலிக்குமே என்று கை தானாக மெதுவானது. இனிமேல் என்ன வலிக்கப்போகிறது? பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகள். கூடத்து மேசையில், வெள்ளைத் துண்டின் மேல், தூங்குகிற மாதிரிதான் கிடந்தாள்.

மனைவியின் அண்ணன் வாசலில் செருப்பை உதறிவிட்டு வேகமாக உள்ளே வந்தார். கையில் போன்.

"மாப்ளே, புடிச்சுட்டாங்க!"

"யாரை மச்சான்?"

"அந்த நர்ஸைத்தான். சின்ன சிஸ்டர், சின்ன சிஸ்டர்னு தலையில வச்சு ஆடினீங்களே, அவளை. நம்ம புள்ளையோட சேர்த்து இந்த மாசம் அந்த வார்டுல மூணு குழந்தை போயிருக்காம். மூணு தடவையும் இவதான் டூட்டி. கொலைன்னு கேஸ் போட்டிருக்காங்க."

துணி டிரைவர் கையிலிருந்து நழுவியது. கொலையா? உள்ளறையிலிருந்து அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை.

"அவளா? உளறாதேண்ணா. என் புள்ளையை 'அடி உதைகாரி'ன்னு கொஞ்சினதே அவதானே!"

"கொஞ்சிக் கொஞ்சித்தான் கழுத்தறுத்திருக்கா."

உதைகாரி என்ற பெயருக்குக் காரணம் இருந்தது. உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துகிற மெஷினின் ஒயரைக் குழந்தையின் பாதத்தில் மாட்டியிருந்தார்கள். மாட்டுகிற பட்டி தீர்ந்துபோய் எத்தனையோ நாளாகிவிட்டதாம். பிளாஸ்திரி போட்டு ஒட்டி ஒப்பேற்றினார்கள். குழந்தை ஓர் உதை விட்டால் ஒயர் கழன்றுகொள்ளும், மெஷின் ஊரைக் கூட்டும். வார்டு முழுக்க இதே கூத்துதான். இந்த அறைக்கும் பக்கத்து அறைக்குமாகச் சின்ன சிஸ்டர் ஒருத்தியே பம்பரமாய்ச் சுற்றுவாள். அவள் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும்.

"சார், அது சும்மா சும்மா கத்தும். உதைச்சிருந்தா அந்த மஞ்சப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திட்டு ஒயரை ஒட்டிவிட்டுடுங்க. எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே!" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பாவம், வேறென்ன செய்வாள்? எல்லா அப்பாக்களும் கற்றுக்கொண்டார்கள். யார் முதலில் அமுக்குவது என்று ஒருவரையொருவர் கேலிகூடப் பண்ணிக்கொண்டார்கள்.

"ஒரே டிரைவரை ரெண்டு பஸ் ஓட்டச் சொல்லிட்டு, இடிச்சதும் அவனைப் புடிச்சு உள்ளே போட்டா நியாயமா மச்சான்?"

"நீங்க பேசாம இருங்க. ஆஸ்பத்திரியில எந்தக் குறையும் இல்லைன்னு பெரிய டாக்டரே பேட்டி குடுத்துட்டார்."

"அந்த மனுஷனை வார்டுப் பக்கம் ஒரு தடவையாவது பார்த்தோமா?" என்றாள் மனைவி.

பதில் வருவதற்குள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வாசலில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தையை இப்போது அடக்கம் செய்ய முடியாது, பரிசோதனைக்கு எடுத்துப்போக வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அறுக்கப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

அதிகாரி மெதுவாக டிரைவரிடம் திரும்பினார். "நேத்து நீங்கதானே கூட இருந்தீங்க? அந்த நர்ஸ் குழந்தைகிட்டத் தனியா நின்னதைப் பார்த்தீங்களா?"

"தனியாத்தான் நின்னா மேடம். அத்தனை குழந்தைக்கும் அவ ஒருத்திதான்."

மச்சான் பல்லைக் கடித்தார். "சரி, மெஷின் கத்தலையா?" என்றார் அதிகாரி.

டிரைவரின் கண் மகளின் பாதத்துக்குப் போனது. நேற்று மதியம். காலை ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் நாற்காலியிலேயே கண் சொருகிக் கிடந்தான். மெஷின் கத்தியது. எழுந்திருக்காமலே கையை நீட்டி அமுக்கினான். 'உதைகாரி' என்று சிரித்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. ஆனால் ஒயர் கழன்றிருக்கவில்லையே! ஒட்டினபடியே இறுகிக் கிடந்த பிளாஸ்திரியை இன்று காலை அவன்தானே நகத்தால் நெம்பி எடுத்தான்? அவள் உதைக்கவே இல்லை. ஐயோ, அவள் உதைக்கவே இல்லை.

அப்போது மேசையில் மனைவியின் போன் அலறியது. பாலைப் பிழிந்து வார்டுக்குக் கொடுத்தனுப்புகிற நேரத்துக்கு அவள் வைத்திருந்த அலாரம். அவள் இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள்.

"அதை அமுக்கித் தொலைங்க மாப்ளே!"

டிரைவரின் கை தானாக நீண்டது. கட்டைவிரல் போனின் மேல் வந்து நின்றது. அவன் அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டான்.

"கத்திச்சு மேடம்," என்றான், அலாரத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "அவ காதுல விழறதுக்கு முன்னாடி நான்தான் அமுக்கிட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். எழுதிக்குங்க."

அதிகாரி எழுதவில்லை. மனைவி அவனையே பார்த்தாள். போன் அதிர்ந்து அதிர்ந்து, அந்தப் பாதத்தை நோக்கி மேசை மேல் நகர்ந்துகொண்டிருந்தது.