பிறக்கிராசியார் புறப்படும் நேரம்

1

9.40.

மருதனார்மடத்தில் கச்சான் கடலை சுற்றித் தந்த தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதி, பிறகு அடித்திருந்த நேரம். தாள், பழைய பஞ்சாங்கத்தின் ஒரு பக்கம். 1931, மே 4, திங்கள்.

கச்சானை மறந்துவிட்டேன். அந்த நாளை எனக்குத் தெரியும். இலங்கை அரசாங்க சபைக்கு வேட்பு மனுக் கொடுக்கும் நாள். முழுச் சுயராச்சியம் தராத சபை வேண்டாம் என்று இளைஞர்கள் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை.

ஒருவரும் புறப்படக்கூட இல்லையா? அப்படியானால் இது யாருடைய நேரம்? எழுதக் கை பரபரத்தது. இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியது.

2

முதல் தொடக்கம்: “கலாநிதி சோமசேகரம் லண்டனில் பட்டம் பெற்று, வெள்ளைக்காரன் தந்த உத்தியோகத்தை உதறி—”

வேண்டாம். இரங்கல் உரை.

இரண்டாவது: “மானிப்பாயில் ஒரு மாமனார், காரைத் துடைத்து வைத்துவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார்.”

இதுதான்!

மாமனார் இளையதம்பி. நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி. மனு சட்டைப்பைக்குள். பன்னிரண்டு மணிக்குள் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும். [பன்னிரண்டு என் வசதிக்கு.] போட்டிக்கு ஆளில்லை, கொடுத்தால் சபைக்குப் போய்விடுவார். பகிஷ்கரிப்பு உடைந்துவிடும். அந்தப் பகிஷ்கரிப்புக்காக ஊர் ஊராகப் பேசியவன் அவருடைய மருமகன் சோமசேகரம்.

3

சோமசேகரத்தின் மீது எனக்குச் சந்தேகம். மிகவும் நல்லவனாக வருகிறான். ஏகாதிபத்தியம் பற்றி அவன் எழுதிய நூலை அரசாங்கம் பறித்தது. புத்தூர் மேடையில் பஞ்சாங்கத்தைக் கிழித்தான். “வெள்ளைக்காரன் நாள் பார்த்தே இஞ்சை வந்தவன்?” என்று கேட்டான். சனம் கைதட்டியது.

[கிழித்தானா, மடித்து வைத்தானா? கிழிக்கட்டும்.]

அவனுடைய தகப்பன் பஞ்சாங்கம் கணித்தவர். அந்தக் கணக்கு அவனுக்கும் வரும். இதை எழுதியதும் கதை தானாக ஓடத் தொடங்கியது.

4

மேசையில் இரண்டு பஞ்சாங்கங்கள். ஒன்றில் கெட்ட திதி 9.40க்கு முடிகிறது. மற்றதில் 11.45க்கு. அது முடியும்வரை இளையதம்பி படி இறங்கமாட்டார். கச்சேரிக்கு அரை மணி ஓட்டம்; 11.45 என்றால் பன்னிரண்டு தாண்டிவிடும்.

“என்ன மாமா, ரண்டு வாங்கி வைச்சிருக்கிறியள்? ஒரு புளுகு போதாதே?”

“பகிடியை விடும். மேடையிலை கிழிச்சனீர், வீட்டிலை வாசியும். எது சரி? உம்மடை கொப்பர் இருந்தால் அவரைக் கேட்டிருப்பன்.”

அடுப்படியிலிருந்து கனகாம்பிகை எட்டிப் பார்த்தாள். அவருக்கு மகள், இவனுக்கு மனைவி.

“அப்பா, உங்களை மறிக்கக் கூட்டம் வைச்ச மனிசனிட்டையே நேரம் கேக்கிறியள்?”

“கணக்கிலை அவர் பொய் சொல்லமாட்டார், பிள்ளை.”

இந்த வரியை நான் திட்டமிடவில்லை. வந்ததும் எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தேன்.

சோமசேகரம் கணக்குப் போட்டான். ஐந்து நிமிடம். விடை 9.40. பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினான்.

5

முடிவு அ: “பதினொன்றே முக்கால்” என்கிறான். மாமனார் நம்புகிறார். பகிஷ்கரிப்பு வெல்கிறது. அடுத்த மேடையில் மூடநம்பிக்கை பற்றிப் பேச எழுந்து, அவன்—

[இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.]

முடிவு ஆ: “ஒன்பது நாற்பது” என்கிறான். பிறகு ஓடிப்போய்க் காருக்கு முன்னால் படுக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளில் 9.40ஐ அடித்தது யார்?

முடிவு இ: கனகாம்பிகை கார்ச் சாவியை அரிசிப் பானைக்குள் போடுகிறாள். எனக்குப் பிடித்தது இது. ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை.

வாசகரே, தாளை உங்களிடம் தருகிறேன். மணி 9.38. பென்சில் முனை எண்ணின் மேல் நிற்கிறது. இளையதம்பி செருப்பைப் போட்டுவிட்டார்.

“சொல்லும் தம்பி, இப்ப இறங்கட்டே?”