பத்தொன்பது படங்கள்

மந்திரமூர்த்தியின் வலது காலில் சர்க்கரைப் புண். இரண்டு விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்று தென்காசி டாக்டர் சொன்னார். மனுஷன் சம்மதிக்கவில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. வழுக்குப் பாறையில் நின்று, அருவியில் குளிக்க வருகிற கூட்டத்துக்கு நாளெல்லாம் எண்ணெய் தேய்க்கிறவருக்கு விரல் இல்லாமல் எப்படி? "எம்மவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

மகள் அபர்ணாவுக்குப் பெங்களூரில் வேலையே அதுதான். புண்ணின் ஓரத்திலிருந்து தோல் செல்கள் எப்படி நகர்ந்து, பெருகி, குழியை மூடுகின்றன என்று கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது. அப்பாவின் சர்க்கரை அளவையும், அம்மா பாலம்மாள் அனுப்பிய நாலு நாள் படங்களையும் தன் புரோகிராமுக்குக் கொடுத்தாள். இருபத்தைந்து நாளில் மூடும் என்றது. "அவசரப்பட வேண்டாம்ப்பா. தினம் காலையில ஒரு போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள். மகள் வாக்கை நம்பி, காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு அவர் வேலைக்கும் போனார்.

பாலம்மாள் ஒரு நாள் தவறவில்லை. படம் வந்ததும் புரோகிராம் தானே எடுத்து, புண்ணின் ஓரத்தைக் கண்டுபிடித்து, செல்களை ஓடவிட்டு, பாக்கி எத்தனை நாள் என்று சொல்லும். நாள் குறைந்துகொண்டே வந்தது. அபர்ணா அந்த எண்ணை மட்டும் பார்த்தாள். ஊரார் புண் ஆயிரம் பார்த்தவள்தான். பெற்றவர் புண் என்றதும் படத்தைத் திறக்காமலே விட்டாள். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். இந்தப் புத்திசாலி கண்ணாலும் காணவில்லை.

பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் வாய் குழறி மந்திரமூர்த்தி விழுந்தார். அபர்ணா அடித்துப் பிடித்து மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப் பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அத்தனை படங்களையும் திறந்தாள். புண்ணைச் சுற்றி மஞ்சள் அப்பியிருந்தது, நாளுக்கு நாள் அகலமாக. புரோகிராம் அதைப் புதுத் தோல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

"இது என்னம்மா?"

"மஞ்சளும் வேப்பிலையும்ட்டி. அப்படியே எடுத்து அனுப்புனா நீ பயந்துருவேல்லா. அதான் ஓரமெல்லாம் மறைச்சி எடுத்தேன்" என்றாள் பாலம்மாள்.

அவளை என்ன சொல்ல? ஒரே ஒரு படத்தைத் திறந்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

உள்ளே ஊசியில் காய்ச்சல் தணிந்திருந்தது. மந்திரமூர்த்தி டாக்டரிடம் மகளுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தார். "அவளக் குத்தம் சொல்லாதீங்க சார். தினம் காலையில எங் காலப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. அந்தத் தைரியத்துலதான் வலியப் பொறுத்துக்கிட்டேன்."

டாக்டர் போகும்வரை அபர்ணா காத்திருந்தாள்.

"நான் பாக்கலப்பா. ஒரு நாள்கூட படத்தத் திறக்கல. கம்ப்யூட்டர்தான் பாத்துச்சு. எனக்குப் பயமா இருந்துது."

மந்திரமூர்த்தி மெல்ல எழுந்து உட்கார்ந்து, காலை மூடியிருந்த துணியை அவரே விலக்கினார். நாற்றம் எழுந்தது.

"அப்பம் இப்பப் பாரு. பத்து மணிக்கு மேல இருக்காது."

கட்டிலின் ஓரத்தில் நின்று அபர்ணா பார்த்தாள். மணி எட்டே முக்கால்தான் ஆகியிருந்தது.