காவலாளியின் கோட்டு என்ன நிறம்

காமிக்ஸ் மாநாடு நடந்த அரங்கின் வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. அதில் என் கோட்டைப் பார்த்தேன். வீட்டில் கரும்பச்சையாக இருந்தது. பேருந்தில் பரவாயில்லாத பச்சை. இங்கே கண்ணை உறுத்தும் பச்சையாகத் தெரிந்தது.

"கண்ணாடி தேஞ்சிடப் போகுது. உள்ள வா," என்றாள் அக்கா.

"ரொம்பப் பச்சையா இருக்கா?"

"டேய், இதையே இன்னொரு தரம் கேட்ட, நான் இப்படியே திரும்பிடுவேன். லீவு போட்டுட்டு வந்திருக்கேன் உனக்காக."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று மாதமாக இதையேதான் கேட்கிறேன். 'பாலத்துக் காவலாளி' தொடர் கறுப்பு வெள்ளையில் வருவது. அட்டைக்கு மட்டும் வண்ணம் உண்டு. ஆனால் அட்டையில் பாலம்தான் இருக்குமே தவிர, காவலாளி இருக்க மாட்டார். அதனால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் அவருடைய கோட்டு என்ன நிறம் என்று வாசகர் யாருக்கும் தெரியாது. அந்தக் கோட்டைத் தைக்கத்தான் நான் மாலைநேரத் தையல் வகுப்பில் சேர்ந்தேன். கழுத்துப்பட்டை, தோள், பை எல்லாவற்றையும் படத்தைப் பார்த்தே வெட்டிவிடலாம். துணி வாங்கும்போதுதான் சிக்கல் வந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் வேண்டிய இடங்களில் பொடிப் புள்ளிகளாக அச்சிட்டிருந்தார்கள். கோட்டின் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமோ, ஆற்றங்கரை மரத்து இலைகளிலும் அதே நெருக்கம். இலை பச்சை. ஆகவே கோட்டும் பச்சை. துணியை வெட்டும்வரை இது சரியான முடிவாகத்தான் பட்டது. வெட்டியபின் அப்படிப் படவே இல்லை. தையல் ஆசிரியை கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நேரா இருக்கு தம்பி. நிறத்த நீதான் சொல்லணும்," என்றார்.

இன்று மாலை மேடையில் வேடப் போட்டி. 'பாத்திரம் அச்சு அசலாக இருக்க வேண்டும்' என்பது விதி. தொடரை வரையும் ஓவியர் அம்மாவும் முதல் முறையாக வந்திருந்தார். என் திட்டம் எளியது. போட்டிக்கு முன் அவருடைய மேஜைக்குப் போய்க் கேட்டுவிடுவது. பச்சை இல்லை என்றால் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு போய்ச் சேர்வது.

வரிசையில் நின்றதும் திட்டம் ஆட்டம் கண்டது. எனக்கு முன்னால் ஒரு காவலாளி நின்றிருந்தார், நீலக் கோட்டில். எனக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அவளும் காவலாளிதான். மெரூன்.

"பச்சையா?" என்று நீலக்கோட்டுக்காரர் சிரித்தார். "காவலாளின்னா யூனிஃபார்ம். யூனிஃபார்ம்னா நீலம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நான் புள்ளிக் கணக்கைச் சொன்னேன். மெரூன் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நானும் புள்ளியத்தான் பாத்தேன்," என்றாள். "படிக்கட்டுல ரத்தம் கிடக்குமே, அதுலயும் இதே நெருக்கம். சரி, அந்த இலை ஏன் காஞ்ச இலையா இருக்கக் கூடாது?"

காய்ந்த இலை என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

"இருக்கலாம்," என்றேன்.

"என்னடா இருக்கலாம்?" என்று அக்கா முழங்கையால் இடித்தாள். "ரத்தமும்தான் காயும்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

மெரூன் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கோட்டுக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நீலக்கோட்டுக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தார். என் முறை. ஓவியர் அம்மா மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டியிருந்தார். புத்தகத்தை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் கோட்டையே பார்த்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த நிறம்..."

"சரியான்னு கேக்கப் போறீங்க. இப்பப் போனாரே, அவரும் அதத்தான் கேட்டார்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கே தெரியாது. எனக்கு அவர் எப்பவும் கறுப்பு மையாவேதான் தெரிவார். இப்ப கலர்ல புத்தகம் போடப் போறாங்க. நிறத்தச் சொல்லுங்கன்னு பதிப்பகத்துலேருந்து தினமும் போன். அதுக்காகத்தான் இங்க வந்தேன். நீங்க ஏன் பச்சைன்னு முடிவு பண்ணீங்க?"

விடை கேட்க வந்த இடத்தில் என்னிடமே விடை கேட்கிறார். நான் இப்போது அழுத்திச் சொன்னால் பச்சையாகிவிடும். அச்சில் ஏறி, இனி எல்லாருக்கும் பச்சை. பின்னால் நிற்பவளின் கோட்டு ஒரே நொடியில் தப்பாகிவிடும். நான் சொன்னது பிசகாக இருந்தால், அந்தப் பிசகும் என்றைக்கும் அச்சில் இருக்கும்.

"பச்சைதான்னு சொல்லுடா," என்று அக்கா காதோரம் சீறினாள்.

"இலையும் கோட்டும் ஒரே புள்ளி, அதான்," என்றேன். "ஆனா எனக்கு நிச்சயமில்ல."

"நிச்சயமில்லாமலா இத்தனையும் தைச்சீங்க?"

"நிச்சயமில்லாமத்தாம்மா தைச்சேன். பின்னால ஒருத்தங்க மெரூன்ல வந்திருக்காங்க. அவங்க சொல்றதும் சரியாத்தான் படுது."

ஓவியர் அம்மா எட்டிப் பார்த்து, அவளையும் வரச் சொன்னார். எங்கள் இருவரின் கைகளையும் மேஜை விளக்கின் கீழே இழுத்து வைத்தார். விளக்கைத் தாழ்த்தினார், உயர்த்தினார், கண்ணை இடுக்கிக்கொண்டார். வரிசை முணுமுணுத்தது. தள்ளி நின்ற நீலக்கோட்டுக்காரர், "அப்ப நாங்க மட்டும் என்ன தொக்கா?" என்று திரும்பி வந்து தன் கையையும் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி என் போட்டி எண்ணைக் கூப்பிட்டது.

"கையப் பிடுங்கிட்டு ஓடுடா!" என்றாள் அக்கா.

என் கை விளக்கின் கீழே ஓவியர் அம்மாவின் பிடியில் இருந்தது. பிடி ஒன்றும் இறுக்கமில்லை. உருவிக்கொண்டு போயிருக்கலாம். மேடையில் இருக்கும் நடுவர்களும் என்னைப் போலத்தான், நிறம் தெரியாமல் மதிப்பெண் போடப் போகிறவர்கள். தெரிந்துகொள்ள ஒருவர் இங்கேதான் முயன்றுகொண்டிருந்தார்.

"போகலையா?" என்றாள் மெரூன் பெண்.

"இல்ல."

ஒலிபெருக்கி இன்னொரு முறை கூப்பிட்டது. பிறகு வேறு எண்ணுக்குப் போய்விட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வெளிச்சம் பத்தாது," என்றார் ஓவியர் அம்மா. "வெயில்ல வச்சுப் பாக்கணும். துண்டுத் துணி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

எங்கள் யாரிடமும் இல்லை. மெரூன் பெண் பக்கத்து ஸ்டாலில் ஒரு கத்தரிக்கோலை இரவல் வாங்கி வந்தாள். தன் கோட்டின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு பட்டையை வெட்டினாள். நீலக்கோட்டுக்காரர் முனகிக்கொண்டே தன்னுடையதை வெட்டினார். கத்தரிக்கோல் என்னிடம் வந்தது. தையல் வகுப்பில் மூன்று தடவை பிரித்துத் தைத்த மடிப்பு அது.

"எவ்வளவு வெட்டட்டும்?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியற அளவுக்கு," என்றார்.

தாராளமாகவே வெட்டினேன்.