இரண்டாம் முறை அமுக்கியது

...இல்லை, இப்போதுதானே பதிந்தாள், கண்ணெதிரே பச்சைக் குறி விழுந்ததே, பிறகு ஏன் திரையில் காணோம்? மருத்துவமனை ரத்த வங்கியின் தரவுத்தளத்தைப் பதினாறு வருடமாகக் கட்டி மேய்க்கிறவளுக்கு ஒரு ரத்தப் பையைப் பதியத் தெரியாதா என்ன... பழக்கம் பழையது, எழுது, உடனே படித்துப் பார், இருந்தால்தான் நாற்காலியில் சாய். பழைய இயந்திரம் அந்த விஷயத்தில் உத்தமம், கேட்ட வாய் மூடுவதற்குள் பதில். புதியதில் மூன்று இயந்திரங்கள், மூன்று கட்டடங்களில், ஒன்றிடம் சொன்னால் அது மற்ற இரண்டுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும், கூட்டுக் குடும்பம் மாதிரி... கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவள்தானே, மாமியாரிடம் சொன்னது நாத்தனார் காதுக்குப் போக எவ்வளவு நேரம் என்று தெரியாதா, அங்கே இதைவிட வேகம். பதினொன்றுக்குப் பழையதை நிறுத்திப் புதியதுக்கு மாற அவள் கையெழுத்து வேண்டும், இப்போது பத்தரை, கடைசி ஒத்திகைக்காக ஒரு பொய்ப் பை, ஓ நெகட்டிவ்... காணோம். கை தவறியிருக்கும். பதிவுப் பொத்தானை மறுபடி அமுக்கினாள். இப்போது இரண்டு.

இரண்டா? அதே பை எண், அதே தேதி, அண்ணன் தம்பி போல ஒன்றன் கீழ் ஒன்று. இது நிஜமாக இருந்தால்? ஆபரேஷன் அறையில் திரையைப் பார்த்து இரண்டு பை இருக்கிறது என்று தைரியமாகக் கத்தியை எடுப்பார்கள், அலமாரியில் இருப்பதோ ஒன்று... புதிய அமைப்பைக் கட்டிய குழுத்தலைவியைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள். “அக்கா, மூணு இடத்துக்கும் சேதி போகணும்ல, ரெண்டு செகண்டு பொறுத்தா என்னவாம்?” சிரிப்பு. “நான் பொறுத்துப்பேம்மா, அவசரத்துல இருக்கிற நர்ஸ் பொறுப்பாங்களா? பழையதுல ஒரே பை எண் ரெண்டாவது தடவை வந்தா உள்ளேயே விடாது. அந்தப் பூட்டு இங்க எங்க?” மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். “...போடல அக்கா. ஒரு மாசம் சோதிச்சோம், ஒருத்தர்கூட ரெண்டு தடவை அமுக்கலையே. எல்லாருக்கும் விஷயம் தெரியும், காத்திருந்தாங்க.” “எனக்கும் தெரியும். தெரிஞ்சும் அமுக்கினேனே.” “உங்க அவசரபுத்திக்கு ஒரு கும்பிடு. நாளைக்குப் பூட்டுப் போட்டுத் தரேன், போதுமா?”

போதும். படிவத்தில் கையெழுத்துக்கான இடத்தில் ‘இன்று இல்லை’ என்று எழுதினாள், எழுத்து நிதானமாகவே விழுந்தது. ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும்... இல்லை. நாளை பூட்டு வந்துவிடும், கையெழுத்துப் போட்டுவிடுவாள், அதிலொன்றும் சிக்கலில்லை. ஆனால் பழையதை இவ்வளவு நம்பினாளே, எதை வைத்து? ஒருநாளும் அது முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதில்லை, அதை வைத்துத்தான்... பதினாறு வருடத்தில், ‘இல்லையே, என்னிடம் வேறு மாதிரி இருக்கிறதே’ என்று சொல்ல, பக்கத்தில் இன்னோர் இயந்திரம் எப்போது இருந்தது?