பூதத்துக்குக் கை வைத்தவள்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊரில் சந்திரம்மாளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பால்வாடியில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து உப்புமா போடுகிறவளுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் ஜாஸ்தி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் கடுதாசி வந்தால் அவர்களும் அவளைத் தேடித்தான் வருவார்கள். அந்தத் தெருவில் பத்தாவது வரை படித்த மருமகள் அவள் ஒருத்திதான். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், பிள்ளைகள் கோதுமை உப்புமாவைத் தொடமாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். சர்க்கார் ரவையின் வாசனையே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேலதிகாரி அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் முன்னால் தட்டுகள் அப்படியே கிடந்தால் மானம் போய்விடும். உப்புமாவைத் திருட வருகிற பூதம் ஒன்று செய்தால் என்ன என்று சந்திரம்மாளுக்குத் தோன்றியது. பூதம் கையை நீட்டுவதற்குள் பிள்ளைகள் தானாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் அல்லவா?

கவிழ்த்த மூங்கில் கூடை தொந்தியானது. வைக்கோல் அடைத்த கோணிப்பை தலையானது. இரண்டு குங்கும டப்பா மூடிகள் கண், பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் முழ நீளத்துக்கு நாக்கு. அதுவரைக்கும் சுலபம். கைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் ஒரே மூங்கில் குச்சியைக் கையாக வைத்தாள். அது விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு குச்சியை இரண்டாக நறுக்கி, முழங்கை வருகிற இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, இரண்டு துண்டையும் ஒரே துணிக்குழாய்க்குள் விட்டுத் தைத்தாள். மூங்கில் இல்லாத இடத்தில் துணி மடங்கியது. தோளில் நூல் தீர்ந்த கட்டை ஒன்றைப் பொருத்தி, மணிக்கட்டில் கட்டிய நைலான் கயிற்றை அதன் மேலே போட்டுக் கூடைக்குள் இறக்கினாள். பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் கை மேலே போனது. விட்டால் சொத்தென்று விழுந்தது.

அந்த விழுதல்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் கையைத் தானே தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தாள். மகள் வேதாவின் கையையும் தூக்கி விட்டுப் பார்த்தாள். இரண்டரை வயசு வேதா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அம்மா விட்ட கை கீழே விழவில்லை, பாதி வழியில் திரும்பி அம்மாவின் மூக்கைப் பிடிக்க வந்தது. உயிருள்ள கை விட்ட இடத்திலிருந்து தன் இஷ்டத்துக்குப் போகிறது, உயிரில்லாதது நேரே தரைக்குப் போகிறது, வித்தியாசம் அவ்வளவுதான் என்று சந்திரம்மாளுக்குப் பிடிபட்டது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பைக்கூடத் தீய விட்டாள்.

அவள் புருஷன் சகாதேவன் டவுனில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். அவன் கொண்டுவந்த கிழிந்த டியூபிலிருந்து பட்டையாக நறுக்கி, முழங்கையின் உட்பக்கம் ஒன்றும் அக்குளில் ஒன்றும் வைத்துத் தைத்தாள். விரல்களுக்குப் பாக்குமட்டையை வெட்டி, ஒவ்வொன்றையும் ஒற்றை நூலில் தொங்கவிட்டாள். இப்போது கயிற்றை இழுத்து விட்டால் கை விழவில்லை. வெடுக்கென்று தொந்தியை நோக்கி மடங்கி, ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. விரல்கள் கடகடத்தன. செய்தவளுக்கே ஒரு நொடி திக்கென்றது. காலுக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை. இரண்டு துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கூடையின் விளிம்பில் தொங்கவிட்டாள். பூதம் நடக்கவா போகிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் ஆட்டத்தை வேதாவுக்குக் காட்டினாள். பூதத்தின் கை எழும்பி மடங்கியதும் குழந்தை வீறிட்டது. மூச்சு முட்ட அழுது, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டது. புதன்கிழமை விடிந்தபோது உடம்பு கொதித்தது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இது பயந்த காய்ச்சல் என்றாள். பூசாரி அப்பாசாமியிடம் விபூதி மந்திரித்துப் போடச் சொன்னாள், முதலில் அந்தச் சனியனை வீட்டை விட்டு வெளியே எறியச் சொன்னாள். மத்தியானத்துக்குள் தெருவே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. டீச்சர் பூதம் செய்து பெற்ற பிள்ளைக்கே காட்டிவிட்டாளாம்.

சந்திரம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். குழந்தையின் கண் எப்படி விரிந்தது என்று பார்த்தவள் அவள்தானே. இவர்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? அந்தக் கையை அவ்வளவு உயிரோடு செய்தது யார்? இது வெறும் காய்ச்சல்தான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஊசிக்குப் போகிற காய்ச்சல் வெறும் காய்ச்சல், பயம் ஊசிக்குப் போகாது. இதுதான் அவளுடைய கணக்கு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோட்டிலிருந்த கம்பவுண்டர் பலராமனிடம் போனாள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். மாத்திரையைப் பொடித்துத் தேனில் கொடுங்கள், இரண்டு நாள் பார்க்கலாம், சின்னப் பிள்ளைக்கு இப்போதே ஊசி வேண்டாம் என்றார்.

"மாத்திரையெல்லாம் வேணாங்க. ஊசியே போட்டுடுங்க," என்றாள் சந்திரம்மாள். "நாளைக்கு எழுந்து ஓடணும் எம் பொண்ணு."

அவர் தயங்கினார். அவள் விடவில்லை, தான் படித்தவள் என்பதைக்கூட இடையில் சொல்லிவிட்டாள். அவர் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்து, வலது இடுப்பில் போட்டார்.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. சந்திரம்மாள் வேலை மெனக்கெட்டு வாசலுக்குப் போய்ப் பாஞ்சாலையைக் கூப்பிட்டுச் சொன்னாள். பயந்த காய்ச்சல் ஊசிக்குப் போகுமா என்று கேட்டாள். பாஞ்சாலை கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுவும் சந்திரம்மாளுக்கு இனித்தது.

குழந்தை எழுந்திருக்கவில்லை. அசதி என்று நினைத்தாள். பத்து மணிக்குத் தூக்கி நிறுத்தினாள், வலது பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை நிறுத்தினாள், அதே பக்கம் சரிந்தது. பாயில் படுக்க வைத்து, இடது காலைத் தூக்கி விட்டாள். அது அவள் மார்பில் ஒரு உதை விட்டது. வலது காலைத் தூக்கினாள். இளஞ்சூடாக, கனமாக இருந்தது. கையை எடுத்தாள்.

சொத்தென்று விழுந்தது.

மறுபடியும் தூக்கினாள், விட்டாள். உள்ளங்காலில் நகத்தால் கீறினாள். குழந்தை சிணுங்கியது, கால் மட்டும் சும்மா கிடந்தது. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. நாலு நாளாக இதே வேலையைச் செய்த கை அவளுடையது, எது உயிருள்ள விழுதல், எது இல்லை என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொருத்தி என்றால் மரத்துப் போயிருக்கும், தேய்த்து விட்டால் சரியாகும் என்று சாயங்காலம் வரைக்கும் தன்னை ஏமாற்றிக்கொண்டிருப்பாள். சந்திரம்மாளுக்கு அந்த ஏமாற்றுகூடக் கிடைக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் சகாதேவன் வந்து சேர்ந்துகொண்டான். நாலு நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமையும் மேலதிகாரி அம்மாவும் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது. நாலாம் நாள், சகாதேவன் பால் வாங்கப் போயிருந்தபோது, டாக்டரம்மா அவளிடம் பேசினார். இது இளம்பிள்ளை வாதம் என்றார். ஆறு மாதத்தில் காலுக்குக் கொஞ்சம் பலம் வரலாம், வராமலும் போகலாம். பிறகு காய்ச்சலில் ஊசி எந்தப் பக்கம் போட்டார்கள் என்று கேட்டார். சந்திரம்மாள் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் காய்ச்சல்ல ஊசியே போடக்கூடாதும்மா," என்றார் டாக்டரம்மா. "போட்டா, பெரும்பாலும் அந்தக் கால்லயே போய் எறங்கும்."

போடாமல் இருந்திருந்தால் காய்ச்சலோடு போயிருக்குமா என்று அவள் கேட்டாள். போயிருக்கலாம், நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போகிறது என்றார். சகாதேவன் பாலோடு திரும்பி வந்தான். அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்புகிற பஸ்ஸிலும் சொல்லவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊசியைப் பற்றி அவன் கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குழந்தையை மடியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

தெரு அவர்களுக்காகக் காத்திருந்தது. பாஞ்சாலைக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே தலைப்பாடாகச் சொன்னேனே என்றாள். சகாதேவனுக்கு அது போதுமாக இருந்தது. நாலு நாளாக யாரை அடிப்பது என்று தெரியாமல் அலைந்தவன் அவன். வீட்டுக்குள் போய்ப் பூதத்தைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தான். வாசற்படியில் இடித்ததில் கயிறு எங்கோ மாட்டி, பூதத்தின் கை எழும்பி மடங்கியது. பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். அவன் நடுத்தெருவில் அதைப் போட்டு, மேலே கிருஷ்ணாயில் ஊற்றினான்.

எரிந்துவிட்டால் முடிந்தது. சந்திரம்மாளுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பூதம்தான் பிள்ளையின் காலை வாங்கியது என்று ஊர் சொல்லும், அதோடு போகும். கம்பவுண்டர் வாய் திறக்கமாட்டார். டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட காது இந்தத் தெருவில் அவளுடையது மட்டும்தான். பேசாமல் நின்றால் போதும், அவள் பாவப்பட்ட தாய். பேசினால் அவள் யார்? இந்தப் புருஷன் அவளை எப்படிப் பார்ப்பான்? பெரியவளானதும் இந்தக் குழந்தை எப்படிப் பார்க்கும்? ஆனால் பாஞ்சாலை வீட்டுப் பேரன் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்றும், பூதம் எரிந்ததும் அவனைக் கம்பவுண்டரிடம் தூக்கிப் போய் ஊசி போடப்போகிறார்கள் என்றும், டீச்சர் பொண்ணுக்குக் காய்ச்சல் ஒரே ஊசியில் விட்டதே என்றும் யாரோ பின்னால் பேசிக்கொண்டார்கள்.

சகாதேவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"அது ஒண்ணும் பண்ணலங்க," என்றாள் சந்திரம்மாள். "காய்ச்சல்ல ஊசி போட்டதாலதான் கால் போச்சு. டாக்டரம்மா சொன்னாங்க. கம்பவுண்டரு வேணாம்னாரு. நான்தான் போடச் சொன்னேன்."

குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. தீக்குச்சி அவன் விரலைச் சுட்டிருக்க வேண்டும், உதறினான்.

"இன்னா சொன்ன?" என்றான்.

தெரு முழுக்க அவள் பக்கம் திரும்பியது. சந்திரம்மாள் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பாஞ்சாலைக்கும் கேட்கிற மாதிரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.