கல்யாணமாகாத நுரையீரல்

என் நுரையீரலுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் மாத்திரை தர முடியாது என்று பால்துரை சொன்னார். எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். விதிமுறை தெரிந்தவர்.

அது ஆண்களின் தளர்ச்சிக்குப் பேர்போன மாத்திரை. நுரையீரலின் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறினாலும் அதையேதான் கொடுப்பார்கள். எனக்கு ஏறியிருந்தது. தலை வாரி முடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன்.

பால்துரை சீட்டை முகர்ந்து பார்த்தார்.

"இதுல ஆம்பளை வாசமே இல்லையேக்கா. வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

வியாதி எனக்குத்தான் என்றேன். பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் கடை நீண்டது. பால்துரை கல்லாவோடு தள்ளிப் போனார். நடந்து போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க நின்று, இது நுரையீரலுக்கு என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். மறுபடியும் நீண்டது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனித உடம்பில் ரத்தம் போவது ஒரே இடத்துக்குத்தான் என்று நம்புகிறவர்கள். அதற்குமேல் ஏறி அவர்கள் ரத்தத்துக்குப் பழக்கமில்லை.

பால்துரை தூரத்தில் ஒரு மாத்திரை அளவுக்குத் தெரிந்தபோது வீட்டுக்குத் திரும்பினேன்.

என் கணவர் ஜெபசிங் தைரியசாலி. நாய், பாம்பு, மேலதிகாரி எதற்கும் பயப்படாதவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

"நாலு பேரு என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான் செத்துப்போனால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"அது வேற. அதுல ஒரு கௌரவம் இருக்கு."

சொல்லிக்கொண்டே வெட்கத்தில் சிறுத்தார். முதலில் சட்டை தொளதொளத்தது. பிறகு செருப்பு கழன்றது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் வயர்கூடைக்குள் கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார். தூக்கி உள்ளே வைத்தேன். மேலே ஒரு துண்டு போடச் சொன்னார். போட்டேன்.

கடையில் கூடையின் மேலிருந்த துண்டை விலக்கினேன். பால்துரை எழுந்து நின்றார். ஆண்கள் வழி விட்டார்கள். கடை ஒரு நொடியில் பழைய அளவுக்கு வந்தது.

"வாங்க சார். உங்களுக்கா?"

என் கணவர் கூடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கில்ல. ஃப்ரெண்டுக்கு."

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நண்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பால்துரை மாத்திரை அட்டையைக் கொடுத்தார். அது என் கணவரைவிட நீளமாக இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தனக்கும் அப்படி ஒரு நண்பர் உண்டு என்று ஒருவர் மெல்லச் சொன்னார். தனக்கும் என்றார் இன்னொருவர். விசாரித்ததில் எல்லோருக்கும் ஒரே நண்பர்தான். பாவம், இத்தனை பேர் வாங்கிக் கொடுத்தும் அவருக்குப் போதவில்லை.

அவர்கள் நண்பரைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அட்டையைப் பிடுங்கினேன். ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என்னிடம் எங்கே என்ன நிமிரும் என்று பார்த்துக் காத்திருந்தார்கள்.

முதுகுதான் நிமிர்ந்தது. மூச்சை இழுத்தேன். அது தடையில்லாமல் அடிவரை போனது. இன்னும் இழுத்தேன். கடையிலிருந்த காற்றெல்லாம் என் பக்கம் வந்தது. நாள்காட்டித் தாள்கள் படபடத்தன. ஒருவர் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். சிரிக்க அவரிடம் காற்று இல்லை.

கணவரைக் கல்லாவின் மேல் எடுத்து வைத்தேன். கூட்டாளிகளோடு இருக்கட்டும்.

எங்கள் வீடு மாடியில். எப்போதும் ஒரு மாடிதான். அன்று ஒன்பது இருந்தது. எங்கும் உட்காராமல் ஏறினேன். பத்தாவதைக் கொத்தனார்கள் இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சீக்கிரம் ஆகட்டும் என்றேன்.