நுனி வளையம்

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்தத் தூண்டில் கம்பைக் கிளெமென்ட் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் உடைக்கத்தான்.

கம்பு அவன் மனைவி சகாயராணியுடையது. கல்யாணத்துக்கு முன்னால் சின்னாளபட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தாளே, அந்தச் சம்பளத்தில் வாங்கியது. இரண்டு துண்டாகக் கழற்றலாம். துணி உறை உண்டு. பாத்திரமும் பீரோவுமாகப் பெண்கள் வந்து இறங்கும் தெருவில் இவள் கூடவே தூண்டிலோடும் வந்து இறங்கியதைச் சனங்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சமையலை ஒதுக்கிவிட்டுச் சித்தையன்கோட்டைக் கம்மாய்க்குப் பஸ் ஏறிவிடுவாள். சாயங்காலம் பையில் நாலு ஜிலேபிக் கெண்டை இருக்கும், வாய்த்தால் ஒரு விரால். அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் அதுதான். கிளெமென்ட் குழம்பை வழித்துச் சாப்பிடுவான். கம்பிருக்கும் மூலையை மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டான். அவன் பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவன். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வேலைமேடைக்கார அய்யனார், "என்ன அப்பு, உங்க வீட்டு ஆம்பள நேத்து என்ன மீனு கொண்டாந்துச்சு?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு அரத்தை இன்னும் வேகமாகத் தேய்ப்பான்.

அந்தச் சிரிப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டவன்தான். அக்கா அல்போன்சா வந்து சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை.

"ஏலே, நான் பஸ்ல வாரேன். கம்மாக்கரையில ஒருத்தன் உம் பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இவ கைய உருவிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு கண்ணால பாத்தேன். எனக்கென்ன, நான் பத்த வைக்கிறேன்னு சொல்லுவீக. அதனாலதான் வாயத் தொறக்காம இம்புட்டு நேரம் இருந்தேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்த நேரம் பஸ் நிலையத்திலிருந்து தம்பி வீட்டுக்கு நடந்து வந்த நேரம்.

கிளெமென்ட் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் இருக்கும் பக்கமே பார்க்காமல் இருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் ராணி நாளைக்குக் கொண்டு போவதற்காகக் கம்பைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் கோபம் வெடித்தது. கம்பைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தான். நுனி துவைகல்லில் அடித்து, கம்பின் உச்சியில் தூண்டில் நரம்பு நுழைந்து வெளியே போகும் சின்ன வளையம் வளைந்து முறிந்தது. "எவன் பிடிச்சாலும் கையக் குடுத்துக்கிட்டு நிக்கிறவளுக்கு இந்த வீட்டுல என்ன சோலி?" என்றான். தெருவுக்கே கேட்டது.

ராணி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் பூசைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காந்திகிராமத்துப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

நாற்பத்தொரு நாள். முதல் பத்து நாள் கோபம் துணைக்கு இருந்தது. அது வடிந்த பிறகு வீடு காலியாக இருந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால் 'ஐயோ' என்று ஓடி வர ஆளில்லை. ஒரு ராத்திரி பாயில் உட்கார்ந்து யோசித்து, போகட்டும், நடந்தது நடந்ததுதான், அவளை மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தான். அப்படி முடிவு செய்ததும் தன்னைப் பற்றியே அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நாலு தடவை போன் போட்டான். நாலாவது தடவை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வாரேன். என் துணிமணி, சர்டிபிகேட்டு, தூண்டிக் கம்பு, மூணையும் எடுத்துக்கிறேன். நீங்க வீட்டுல இருந்தாலும் சரி, சாவிய மேல்வீட்டுல குடுத்துட்டுப் போனாலும் சரி."

வைத்துவிட்டாள். ஆனால் அவன் மனசு அந்த மூன்றில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கம்பைக் கேட்கிறாள். உடைந்த கம்பை. அதை முழுசாக்கி அவள் கையில் கொடுத்தால்? அவள் ஒரு நிமிஷம் திகைப்பாள். அந்த ஒரு நிமிஷம் போதும். உட்கார் என்பான், உட்காருவாள். மிச்சத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முறிந்ததை ஒட்டுவது அவனுக்கு என்ன பெரிய காரியம்? பதினேழு வருஷமாகச் செய்வது அதைத்தானே.

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து அளவுக்கருவியைக் கொண்டு வந்து கம்பின் நுனியை அளந்தான். இரண்டேகால் மில்லிமீட்டர். முறிந்த வளையத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனான். அங்கே வலை, தூண்டில், மிதவை விற்கும் ஒரு சின்னக் கடை உண்டு. ரஃபியா என்ற அம்மாள் கல்லாவில் இருந்தாள். வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள பீங்கான் தெறிச்சிருச்சே. இது சண்டையில போச்சா, மீன் இழுத்துப் போச்சா?"

"கீழ விழுந்துருச்சுங்க."

"விழுந்தா இப்படி நெளியாது தம்பி. வீட்டுல யாரு, நீங்களா மீன் பிடிக்கிறது?"

"என் சம்சாரம்."

ரஃபியா நிமிர்ந்து பார்த்தாள். "அட! அப்ப கம்ப உடைச்சது நீங்க" என்று சிரித்தாள். அவன் காதுமடல் சுட்டது. பத்து டப்பாக்களைத் திறந்து மூடி, அதே அளவில் ஒரு வளையத்தை எடுத்து வைத்தாள். ஒரு சின்ன உலோகக் குழல், அதன் தலையில் வெள்ளை வட்டம்.

"பழசோட அடிக்குழல் கம்புலயே நிக்கும். செத்த சூடு காட்டி உருவிட்டு, புதுச பத்த வச்சிருங்க. அம்புட்டுத்தேன். ஒட்டுறதுக்கு ஏதாச்சும் தரவா?"

"வேணாங்க. நான் பூட்டுப் பட்டறைக்காரன். பத்த வைக்கிற சாமான் எல்லாம் எங்கிட்ட இருக்கு."

"அப்பறமென்ன, தொழில்காரரு" என்றாள் அவளும்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தான். அய்யனார் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகும்போது கம்பைப் பார்த்துவிட்டு, "கடைசில நீயும் தூண்டியத் தூக்கிட்டியா? நாளையிலருந்து பட்டறைக்கு மீன் குழம்புதான்" என்றான். "போலே" என்று விரட்டிவிட்டுக் கிளெமென்ட் கம்பை மேடையில் கிடத்தினான்.

எட்டு வருஷத்தில் முதல் முறையாக அதை நிதானமாகப் பார்த்தான். கறுப்பு நிறம். எடையே இல்லை. மெல்லிய எஃகுக்குழலுக்குக் கறுப்பு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அடியிலிருந்து நுனிவரை வளையங்கள் வரிசையாக நின்றன. முதலில் விரல் போகும் அளவு, மேலே போகப் போகப் பட்டாணி அளவு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடி வளையத்தின் வழியாகப் பார்த்தான். ஒன்றுக்குள் ஒன்றாக எல்லாம் ஒரே கோட்டில் தெரிந்தன. இப்படித்தானே அவளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள், என்னவோ பைத்தியம் என்று நினைத்தோமே என்று தோன்றியது.

தீக்குச்சியைக் கிழித்துப் பழைய குழலுக்குச் சூடு காட்டினான். குறட்டால் நேராக இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கு நம்பிக்கை பொங்கியது. புது வளையத்தைச் செருகினான். கண்ணால் கோடு பார்த்து, மயிரிழை திருப்பி, நிறுத்தினான். பூட்டுக்குப் பித்தளைத் துண்டைப் பற்ற வைக்கிற அதே முறையில், பற்றுப் பிடிக்க வெங்காரப் பொடியைத் தண்ணீரில் குழைத்து இணைப்பில் தடவினான். பற்றுக்கம்பியை ஒரு கையிலும், கேஸ் சுடர் ஊதும் குழாயை மறு கையிலும் எடுத்தான். சுடரைக் கூராக்கி, நீல நாக்கை இணைப்பில் வைத்தான். உலோகம் செக்கச்சிவந்து வரும். வந்ததும் பற்றுக் கம்பியைத் தொட்டால் தண்ணீராக ஓடிப் பிடித்துக்கொள்ளும். பதினேழு வருஷக் கை அது. நடுங்கவில்லை.

உலோகம் சிவப்பதற்கு முன்னால் கறுப்பு கொப்பளித்தது. புகை வந்தது. மயிர் கருகுவது போன்ற நாற்றம். வார்னிஷ்தான் எரிகிறது, எரியட்டும் என்று இன்னும் செத்த நேரம் பிடித்தான். கம்பு, தொட்டால் உதிர்கிற துடைப்பம்போல நார்நாராகப் பிரிந்து, புது வளையத்தின் பாரம் தாங்காமல் தலை சாய்ந்தது.

சுடரை அணைத்தான். அணைத்த பிறகும் நார்கள் நுனியில் சிவப்பாகக் கனன்றன. வெறும் விரலால் அமுக்கினான். விரல் பொத்துப்போனது தெரியவில்லை.

நாற்றம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த அய்யனார் சிரிக்கவில்லை. "என்ன அப்பு செஞ்ச? இது இரும்பு இல்லப்பா. நாரும் பிசினும்ல. இதுல போயி கேஸ வச்சிருக்கியே."

"பத்த வைக்கச் சொன்னாங்க" என்றான் கிளெமென்ட்.

"ஊருல எல்லாரும் ஒட்டுறதத்தான் பத்த வைக்கிறதுங்கிறாக. நீ நெருப்பையா வைப்ப?"

கிளெமென்ட் கம்பை எடுத்து உறைக்குள் நுழைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ராணி வந்தாள். பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். முக்காடு போட்ட சேலைத் தலைப்பு இன்னும் தோளில் சுற்றியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். "இருக்கீங்களா" என்றாள், யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி. பீரோவைத் திறந்து துணிகளை மடித்தாள். சர்டிபிகேட் பையை எடுத்தாள். அவன் கதவோரம் நின்றான். உட்கார் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கைவேகத்தில் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக மூலைக்குப் போய்க் கம்பை உறையிலிருந்து உருவினாள்.

வெகுநேரம் பார்த்தாள். கருகிய நாரை விரலால் தொட்டாள். கரி விரலில் ஒட்டியது.

"கேஸ் வச்சீங்களா?"

"சரி பண்ணிக் குடுக்கணும்னுதான்... நீ வர்றதுக்குள்ள... பத்த வைக்கணும்னு கடைக்காரம்மா சொன்னாங்க. எனக்கு எப்பிடித் தெரியும், ராணி?"

"பசைக் குச்சிய உருக்கி ஒட்டணும். பத்து ரூவாக் குச்சி." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். போன் இருக்குல்ல."

"திட்டுவியோன்னு..."

"நீங்க எதையுமே கேக்க மாட்டீங்க. யாராச்சும் ஒண்ணு சொன்னா, உடனே செஞ்சிருவீங்க."

"இனி ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியும். கருகினது வரைக்கும் வெட்டிட்டு, கொஞ்சம் பெரிய வளையமாப் போடணும். ஆறு விரக்கடை போகும்." கம்பை உறைக்குள் நுழைத்தாள். "நுனிதான் வளையிற எடம். அது போச்சுன்னா முனை வெறச்சுப்போகும். பெரிய மீன் இழுத்தாத் தெரியும். சின்னது தொட்டாத் தெரியாது. இருந்துட்டுப் போகுது."

பையைத் தோளில் மாட்டினாள். வாசற்படியில் செருப்பைத் தேடினாள். போகிறாள். இன்னும் இரண்டு எட்டில் தெருவுக்குப் போய்விடுவாள். கேட்க மாட்டீங்க என்றாளே. கேட்கத்தானே சொன்னாள்? அந்தச் சொல்லையும் அவன் அப்படியே எடுத்துக்கொண்டான்.

"ராணி, இப்பக் கேக்கிறேன். அன்னைக்குக் கம்மாக்கரையில உங் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

செருப்பு மாட்டிய கால் அப்படியே நின்றது. திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இதுவரை இருந்த ஏதோ ஒன்று அணைந்ததை அவன் கண்ணெதிரே பார்த்தான்.

"பேரு தெரியாது" என்றாள். "கொய்யாப்பழ வண்டிக்காரரு. தூண்டி முள்ளு எங்கையில ஏறிருச்சு. அதுல கொக்கி இருக்கும், இழுத்தா வராது. பழம் அறுக்கிற கத்தியக் கழுவிட்டு வந்து கீறி எடுத்துவிட்டாரு. வலியில அவரு கையத்தான் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஓர் அரிசி நீளத்துக்கு வெளுத்த தழும்பு.

"ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். கரண்டி பிடிக்க முடியாம இடது கையாலதான் சோறு போட்டேன். 'பிச்சக்காரனுக்குப் போடுற மாதிரி இடது கையால போடுற, அம்புட்டுத் திமிரா'ன்னு தட்டத் தள்ளி விட்டீங்க. அப்பவாச்சும் ஏன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"ராணி..."

கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்வதுதான் வழக்கம். அவள், "போறேன்" என்றாள்.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. துணிப்பையை முதலில் வைத்து, கம்பை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆட்டோ திரும்பி மறைந்தது. கிளெமென்ட் உள்ளே வந்து அடுக்களைத் தரையில், வழக்கமாகச் சாப்பிட உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். அந்த வாரத்தை யோசித்துப் பார்த்தான். தான் கத்தியது ஒவ்வொரு சொல்லாக நினைவிருந்தது. தட்டு சுவரில் மோதியதும், சோறு சிதறியதும், அவள் குனிந்து அதைக் கூட்டியள்ளியதும் நினைவிருந்தன. அவள் கையில் கட்டு இருந்ததா என்பது மட்டும், எவ்வளவு யோசித்தும், அவனுக்கு நினைவு வரவேயில்லை.